உன் தங்கை உள்ளே கதைத்துக்கொண்டிருக்கிறாள்

தம்பி,

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு வெளியே, வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்து இதை எழுதுகிறேன். இருந்து என்று சொல்வதும் பொய்தான். எழும்புகிறேன், மதில்வரைக்கும் நடக்கிறேன், திரும்பி வந்து இருக்கிறேன், மறுபடி எழும்புகிறேன். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உள்ளே இளைஞர் அபிவிருத்திக் குழுவின் கூட்டம் நடக்கிறது. நீ கொழும்பில் இருந்து திட்டம் எழுதி, பணம் எடுத்து, ஆள் அனுப்பி நடத்துகிற கூட்டம்தான். உன் தங்கை தர்சினி உள்ளே இருக்கிறாள். நான் வெளியே இருக்கிறேன். நான் களைத்துப்போய் வெளியே வரவில்லை, காற்று வாங்கவும் வரவில்லை. அவள் என்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

வகுப்புப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தலாம் என்று ஒரு கட்டுக் கொண்டுவந்தேன். முதல் கொப்பியிலேயே சரியான கணக்குக்குப் பிழை போட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் படிப்பித்தவள், மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கூட்டல் கணக்கில் தடுமாறுகிறேன் என்றால் என் நிலைமையைப் பார். கொப்பிகளைக் கட்டி வைத்துவிட்டேன். இப்போது யாரையாவது ஏசவேண்டும் போலிருக்கிறது. அப்பா வெங்காயத்துக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார். மிச்சம் நீதான். எழுதி முடித்ததும் போனில் படமெடுத்து அனுப்புவேன். உன் அலுவலகத்தில் இருக்கிற எல்லோருக்கும் வாசித்துக் காட்டு, வெட்கப்படாதே. இது உனக்கு மட்டும் எழுதுகிற கடிதம் இல்லை.

காலையில் நடந்ததைச் சொல்கிறேன். நான் சீலையை மினுக்கிக் கட்டிக்கொண்டு அவளுக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சொன்னாள். “அம்மா, நீங்கள் இண்டைக்கு உள்ளுக்கு வரவேண்டாம். வாசல் மட்டும் வாங்கோ. பேந்து வெளியில இருங்கோ.” இதை நீ வாசிக்க ஒரு மூச்சுப் போதும். அவள் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று உனக்குத் தெரியும். முகம் அண்ணாந்து நாடி மேலே போகும், இடக்கை இறுகும், முதல் எழுத்து தொண்டைக்குள் சிக்கி நிற்கும், பிறகு சொற்கள் ஒன்றொன்றாக வரும். பிறந்தபோது மூச்சு எடுக்கப் பிந்தியதால் காலுக்கும் நாக்குக்கும் வந்த கரைச்சல். புத்திக்கு ஒரு குறையும் வரவில்லை, அதைக் கொஞ்சம் கூடத்தான் கொடுத்திருக்கிறான் கடவுள். “உன்ரை கதை அவைக்கு விளங்காது பிள்ளை,” என்றேன். “விளங்காட்டி திருப்பிக் கேக்கட்டும்,” என்றாள். நான் சீப்பை வைத்து ஒரு இழுவை இழுத்தேன். அவளுக்கு நொந்திருக்கும். கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வாசலில் உன் கள உத்தியோகத்தர் நின்றாள், பருத்தித்துறைப் பிள்ளை, கீர்த்தனா. நல்ல பிள்ளை, இரண்டு பஸ் மாறி வருகிறாள். “அன்ரி, மாற்றுத்திறனாளிப் பிள்ளையளோடை பாதுகாவலர் ஒராள் பக்கத்தில இருக்கவேணும் எண்டு திட்டத்தில இருக்கு,” என்று இழுத்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம், பொய் சொல்லவில்லை. சட்டமே என் பக்கம் என்று நினைத்தேன். “உதை எழுதினது என்ரை மகன்தான்,” என்று பெருமையாகவும் சொன்னேன். தர்சினி தன் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, “அப்ப அண்ணையோடை நான் கதைக்கிறன்,” என்றாள். கீர்த்தனா சிரித்துவிட்டாள். கதவை அகலத் திறந்து, “வாரும்,” என்றாள். அவ்வளவுதான். பத்துமாதம் சுமந்தவளுக்கு வெளியில் கதிரை.

நீ பங்குனியில் வந்து இந்தத் திட்டத்தைத் தொடக்கிவைத்த நாளைக் கொஞ்சம் நினைத்துப் பார். எங்கள் ஊரில் எந்தக் கூட்டம் என்றாலும் மங்கல விளக்கு ஏற்றாமல் ஒன்றும் நடக்காது. விதானையார் ஒரு திரி, அதிபர் ஒரு திரி, கோயில் தலைவர் ஒரு திரி, நீ ஒரு திரி. பிறகு ஒலிவாங்கியில் உன் குரல் வந்தது, “எங்கடை சிறப்பு விருந்தினர், தர்சினி,” என்று. இரண்டு பெடியள் ஓடி வந்து அவளைக் கதிரையோடு தூக்கி மேடையில் வைத்தார்கள். நடக்கிற பிள்ளை, தம்பி. மெதுவாக நடக்கிற பிள்ளை. மாலை போட்டீர்கள், அவள் கையைப் பிடித்துத் திரியைக் கொளுத்தினீர்கள், படம் எடுத்தீர்கள். எனக்குக் கண்ணீர் வந்தது, அதையும் படம் எடுத்தீர்கள். உன் வருட அறிக்கையின் முன்பக்கத்தில் அந்தப் படம்தான் இருக்கிறது என்று நீயே அனுப்பிக் காட்டினாய். நானும் பள்ளிக்கூடத்தில் எல்லா ரீச்சர்மாருக்கும் காட்டினேன்.

படத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்பது அறிக்கையில் வராது. வடையும் தேத்தண்ணியும் கொடுத்தீர்கள். அதன்பிறகு பிள்ளைகள் எல்லோரும் கீழே பாய் விரித்து, கூட்டம் கூட்டமாக இருந்து, ஊருக்கு என்ன வேண்டும் என்று கதைக்கத் தொடங்கினார்கள். அதுதான் உண்மையான கூட்டம். தர்சினி அப்போதும் மேடையில்தான் இருந்தாள், விதானையாருக்கும் கோயில் தலைவருக்கும் நடுவில், மாலையோடு. கீழே இறங்க வேண்டுமென்றால் யாரையாவது கேட்கவேண்டும். மரியாதை கொடுத்து வைத்த இடத்தில் இருந்து எழும்பிப் போகிறேன் என்று எங்கள் ஊரில் எந்தப் பிள்ளை சொல்லும்? தன் வகுப்புப் பிள்ளைகள் பாயில் இருந்து கதைத்துச் சிரிப்பதை மேலே இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நீயும் நானும் அவளைக் கௌரவப்படுத்திவிட்டோம் என்று வயிறு நிறைந்து நின்றோம்.

கடைசியில் நீ ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டு வந்தாய். “தங்கச்சி, உனக்கு இந்த ஊரில என்ன வேணும்?” என்று கேட்டாய். அவள் வாயெடுத்தாள். நாடி மேலே போனது. சனம் கதிரையில் நெளியத் தொடங்கியது, யாரோ ஒரு கிழவர் கொட்டாவி விட்டார், நீ மணிக்கூட்டைப் பார்த்தாய். பார்க்கவில்லை என்று சொல்லாதே, நான் கண்டேன். ஒலிவாங்கி என் பக்கம் திரும்பியது. நான் சொன்னேன், இந்த நிலையத்துக்குச் சரிவுப்பாதை வேண்டும், பிடிகம்பி வைத்த கழிவறை வேண்டும் என்று. மண்டபம் முழுக்கக் கை தட்டியது. அதில் என்ன பிழை என்று நான் இப்போதும் கேட்பேன். சரிவுப்பாதை வேண்டாமா? கழிவறை வேண்டாமா? பதினேழு வருடமாக அந்தப் பிள்ளையின் நாக்கு நான்தான். டாக்குத்தரிடம் நான், அதிபரிடம் நான், பஸ்காரனிடம் நான். வாயெடுக்க முன்னமே அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

சரிவுப்பாதை வந்தது. நாடா வெட்டித் திறந்தீர்கள். கட்டினவன் இடம் மிச்சம்பிடிக்கப் பார்த்து நெட்டுக்குத்தாகக் கட்டிவிட்டான், அதில் ஏறினால் நடைச்சட்டம் பின்னுக்கு வழுக்குகிறது. அவள் பழையபடி படியால்தான் பக்கவாட்டில் ஏறுகிறாள், பிடிசுவரைப் பிடித்து. இன்றைக்கும் அப்படித்தான் ஏறினாள். அந்தச் சரிவில் இப்போது விளையாட்டுக் கழகப் பெடியள் மோட்டார்சைக்கிள் ஏற்றி நிழலுக்கு விடுகிறார்கள். நான் இங்கிருந்து பார்க்கிறேன், மூன்று நிற்கிறது. அவளை ஒருதடவை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுச் சீமெந்து போட்டிருந்தால் என்ன? அதைக்கூட யாரும் அவளிடம் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. அம்மா சொல்லிவிட்டாள், ஐயாமார் கட்டிவிட்டார்கள்.

பொறு, உள்ளே ஏதோ சத்தம். யன்னலடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்றுமில்லை, கதிரை இழுக்கிற சத்தம். எல்லோரும் வட்டமாக இருக்கிறார்கள், அவளும் வட்டத்தில். முதுகுதான் தெரிகிறது. கீர்த்தனா என்னைக் கண்டுவிட்டாள். கையால் போங்கோ என்று காட்டினாள். சரி என்று திரும்பி வந்துவிட்டேன்.

அன்றைக்கு அவள் சொல்ல வந்தது சரிவுப்பாதை இல்லை. அடுத்த நாள் காலை நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது வந்து நின்று சொன்னாள். மைதானத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தாளாம். கிழமையில் இரண்டு பின்னேரம் பெட்டையளுக்கு விடவேண்டுமாம். அவளின் வகுப்பில் வலைப்பந்து விளையாடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், நல்லாய் விளையாடுகிற பிள்ளைகள். பள்ளிக்கூடம் விட்டால் ரியூசன், ரியூசன் விட்டால் வீடு. மைதானம் மூன்று மணியில் இருந்து பொழுதுபடும் மட்டும் கழகப் பெடியளின் கிரிக்கெட்டுக்கு. பெட்டையள் மதில் கரையால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகவேண்டியதுதான். “நீ விளையாடப் போறியோ?” என்று நான் கேட்டேன். “நான் என்ன ஓடவோ போறன்? புள்ளி பாப்பன். நான் இருக்கிறனோ இல்லையோ, அவையள் விளையாடவேணும்,” என்றாள். நான் துருவுவதை நிற்பாட்டவில்லை. இந்தப் பிள்ளைக்குத் தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கத் தெரியவில்லையே என்றுதான் அப்போது நினைத்தேன்.

அவள் உனக்கு அதைப் போனில் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நானும் கேட்டேன். நீ கோபிக்கவில்லை, நீ எப்போதும் கோபிக்கிறவன் இல்லை. “நல்ல யோசினை தங்கச்சி. ஆனா இந்தக் குழுவில உனக்கு இடம் தந்தது மாற்றுத்திறனாளிப் பிள்ளையளின்ரை தேவையளைச் சொல்லத்தானே. மைதானக் கதையை மற்றப் பிள்ளையள் கொண்டுவரட்டும்,” என்றாய். எவ்வளவு வடிவாகச் சொன்னாய். போனை வைத்துவிட்டு அவள் என்னைப் பார்த்து, “அண்ணைக்கு நான் என்ரை காலைப் பற்றி மட்டும்தான் கதைக்கவேணுமாம்,” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ கெட்டவன் இல்லை, ராசா. அதுதான் எனக்குக் கூடிய கோபம். கெட்டவனாக இருந்தால் ஏசிவிட்டுப் போய்ப் படுக்கலாம். உங்கள் திட்டத்தில் கட்டிளம் பருவத்தினர், பங்கேற்பு, உள்வாங்கல் என்றெல்லாம் எழுதுகிறீர்கள். வாசித்தேன், நல்ல தமிழ். உள்வாங்குவது என்றால் உள்ளே கொண்டுவந்து ஒரு மூலையில் பத்திரமாக வைப்பதா? மற்றப் பிள்ளைகள் ஊரைப் பற்றிக் கதைப்பார்கள், இவள் தன் உடம்பைப் பற்றிக் கதைப்பாள். மற்றப் பிள்ளைகள் தனியாக வருவார்கள், இவள் தாயோடு வருவாள். பதினேழு வயதில் நீ என்னைக் கூட்டிக்கொண்டு எந்தக் கூட்டத்துக்குப் போனாய்? பள்ளிக்கூட வாசலுக்கு நான் வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவன் நீ.

இந்த ஊர் அவளுக்குக் கொடுக்காத அன்பு இல்லை, அதையும் சொல்லவேண்டும். அவள் ஆறாம் வகுப்பில் படிக்கும்போது திருக்குறள் மனனப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாள். வீட்டில் கோழிக்கும் ஆட்டுக்கும் கேட்கும்படி பாடமாக்கினாள். போட்டி அன்று அவளின் முறை வர முன்னமே நடுவர் எழும்பி, “இந்தப் பிள்ளை வந்ததே பெரிய விசயம்,” என்று சொல்லி விசேட பரிசு என்று ஒரு சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் கொடுத்தார். சபை எழும்பி நின்று கை தட்டியது. நீ பின்வரிசை வாங்கில் ஏறி நின்று விசில் அடித்தாய். அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, நடுவரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இனி என்னைக் கூப்பிடுவார்கள் என்று. அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்கள். வீட்டுக்கு வந்து அந்தக் குறள்கள் முழுவதையும் அப்பாவுக்குச் சொன்னாள். அவர் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கடைசிவரைக்கும் நின்று கேட்டார். அந்த மனிசன் வாயே திறக்காதவர், ஆனால் கேட்கத் தெரிந்தவர். நான் அப்போது சோறு ஆறுது, கெதியாய் முடியுங்கோ என்று கத்திக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கு அவள் மைதானக் கதையைத்தான் உள்ளே எடுக்கப் போகிறாள். அதுதான் எனக்குப் பயம். கழகத்தின் தலைவர் யார் என்று உனக்குத் தெரியும், குகன், அவனும் இந்தக் குழுவில்தான் இருக்கிறான். போன மாரியில் இவளுக்குக் காய்ச்சல் கொதித்தபோது ஒழுங்கையில் முழங்கால் அளவு வெள்ளம். அப்பா ஊரில் இல்லை, ஓட்டோக்காரன் உள்ளே வரேலாது என்றுவிட்டான். குகனும் இன்னும் இரண்டு பெடியளும் வந்து இவளைத் தோளில் வைத்துச் சந்திவரைக்கும் கொண்டுபோய் ஏற்றினார்கள். தெல்லிப்பழை ஆசுப்பத்திரியில் விடியும்வரைக்கும் வாசலில் நின்றான் அவன். எங்கே கண்டாலும் “தங்கச்சி, என்ன சுகமோ” என்று கேட்காமல் போகமாட்டான். அந்தப் பெடியனின் மைதானத்தைத்தான் இவள் கேட்கப் போகிறாள். நான் சொன்னேன், “பிள்ளை, எங்களுக்கு நாலு பேர் வேணும். உன்னை வைச்சுக்கொண்டு நான் ஆரோடையும் பகைக்கேலாது.” அதற்கு அவள், “குகன் அண்ணை என்னைத் தூக்கினவர் எண்டால் நான் வாயை மூடவேணுமோ?” என்று கேட்டாள். எனக்கு வந்த கோபத்தில் ஓம் என்று சொல்லிவிட்டேன். ஓம், மூடத்தான் வேணும் என்று சொன்னேன். இன்றைக்குக் காலையில் என்னை வெளியில் நிற்பாட்டினதற்குக் காரணம் அதுதான் என்று எனக்குத் தெரியும். நான் உள்ளே இருந்திருந்தால் அவள் வாயெடுக்கும்போது நான் வேறு ஏதாவது சொல்லி முடித்திருப்பேன். என்னைப் பெற்றவள் மாதிரி அறிந்து வைத்திருக்கிறாள்.

அடுத்த வருடம் எனக்கு ஓய்வு. முழங்கால் இப்போதே மாடிப்படியில் கிறீச்சிடுகிறது. எனக்குப் பிறகு இவளுக்காகக் கதைக்க நீ இருக்கிறாய் என்று ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியையும் இன்றைக்குப் பறித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இதிலேயே உன் கலியாண விசயத்தையும் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோவேன். பொம்பிளைக்குத் தோழியாக நிற்கவேண்டியது மாப்பிள்ளையின் தங்கை. எங்கள் வழக்கம் அது, ஐயர் வந்ததும் முதலில் தேடுவது தோழியைத்தான். நீயும் நானும் போனில் கதைத்து, அவளுக்கு நிற்கக் கஷ்டம், மாமியின் மகள் நிற்கட்டும், தர்சினிக்கு முன்வரிசையில் குசன் கதிரை போடுவோம் என்று முடிவெடுத்தோம். பார், மறுபடியும் முன்வரிசை, மறுபடியும் கதிரை. அவளிடம் யார் கேட்டது? நிற்கிறேன் என்பாளோ, இருந்துகொண்டு செய்கிறேன் என்பாளோ, ஓமப் புகைக்குள் பட்டுச்சீலை கட்டிக்கொண்டு என்னால் ஏலாது, மச்சாளே நிற்கட்டும் என்பாளோ, எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்லமாட்டேன் இனி. நீ போன் எடுத்து அவளைக் கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிரு. அவள் இல்லை என்று சொன்னாலும் அது அவள் சொன்ன இல்லையாக இருக்கட்டும்.

உன் வேலையிலும் அப்படித்தான். கூட்டத்துக்கு முன்னமே என்ன கதைக்கப் போகிறீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பு, யோசித்துக்கொண்டு வரட்டும். மற்றவர்கள் பாயில் இருந்தால் இவளையும் பாயில் இருத்து, இல்லை என்றால் எல்லோருக்கும் கதிரை போடு. மேடையையும் மாலையையும் உங்கள் பெரிய ஐயாமாருக்கு வைத்துக்கொள். ஒருவர் கதைத்து முடிக்க நேரம் எடுக்கும் என்றால் அந்த நேரத்தை நிகழ்ச்சியில் போடு, வடைக்கு நேரம் போடவில்லையா? அம்மாமார் கூட வந்தால் எங்களுக்கும் வேப்பமரத்தடியில் கதிரை போடு, தண்ணீர் போத்தல் ஒன்றும் வை. இங்கே தண்ணீர் இல்லை, எனக்கு நாக்கு வறள்கிறது.

அப்பா போன் எடுத்தார். “முடிஞ்சுதோ?” என்று கேட்டார். “இல்லை,” என்றேன். “என்னவாம்?” என்றார். “எனக்கென்ன தெரியும், என்னைத்தான் வெளியில விட்டிருக்கினம்,” என்று வெடித்தேன். அந்தப் பக்கம் தண்ணீர்ப் பம்பின் சத்தம் இரைந்துகொண்டிருந்தது. “நல்லம்,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நல்லமாம். இந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

தம்பி, இப்போது உள்ளே சத்தம். இது கதிரைச் சத்தம் இல்லை. குகனின் குரல். எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. “உனக்கென்ன விசரோ? போட்டியள் வருகுது, ரெண்டு பின்னேரம் விட்டால் நாங்கள் எங்கை போய் விளையாடுறது? உனக்கு விளையாட்டைப் பற்றி என்ன தெரியும் எண்டு கதைக்கிறாய்?” தங்கச்சி என்ற சொல் அதில் இல்லை. நான் எழும்பிவிட்டேன். கொப்பிக்கட்டு மடியில் இருந்து விழுந்து மண்ணில் சிதறியது. படியடி வரைக்கும் ஓடினேன் என்றே சொல்லலாம், இந்த முழங்காலோடு. உள்ளே போய் அவனைப் பிடித்து ஒரு கிழி கிழிக்கவேண்டும், பிறகு அவனிடமே மன்னிப்பும் கேட்கவேண்டும், இரண்டும் ஒன்றாக வாய்க்குள் வந்து நின்றது. முதல் படியில் கால் வைத்தேன்.

உள்ளே பேச்சில்லை. எனக்கு அந்த அமைதி எது என்று தெரியும். அவளின் நாடி மேலே போயிருக்கும், முதல் எழுத்து சிக்கியிருக்கும். யாராவது சொல்லி முடித்துவிடப் போகிறார்களே என்று நான் பிடிசுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருவரும் சொல்லவில்லை. பிறகு அவளின் குரல் வந்தது. என்ன சொன்னாள் என்று வெளியில் இருந்து விளங்கவில்லை, அவள் மெல்லத்தான் கதைப்பாள். ஆனால் நீளமாகக் கதைத்தாள். நடுவில் குகன், “அது சரி, ஆனா” என்று வெட்டினான். “பொறுங்கோ, நான் இன்னும் முடிக்கேல்லை,” என்றாள். அது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவன் பொறுத்தான். நான் காலைப் படியில் இருந்து எடுத்துக்கொண்டு வந்து, மண்ணில் இருந்த கொப்பிகளைப் பொறுக்கினேன்.

கூட்டம் முடிந்துவிட்டது. மிச்சத்தை அவசரமாக எழுதுகிறேன். முதலில் குகன்தான் வந்தான். என்னைப் பார்த்து, “வாறன் அன்ரி,” என்று தலையாட்டினான். அவளைத் திரும்பியும் பார்க்காமல் சரிவில் இருந்து மோட்டார்சைக்கிளை இறக்கி உதைத்துக்கொண்டு போய்விட்டான். இந்த ஊர் அவளைத் தூக்கியிருக்கிறது, தடவியிருக்கிறது, பாவம் என்று சொல்லியிருக்கிறது. கோபித்துக்கொண்டு போனவன் இவன் ஒருவன்தான். அடுத்த மாரிக்கு வெள்ளம் வந்தால் அவன் வருவானோ, மாட்டானோ, எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. பயத்தோடு சேர்ந்து இன்னொன்றும் இருக்கிறது, அதற்குப் பெயர் சந்தோசம் என்று எழுத எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

அவள் படியால் பக்கவாட்டில் இறங்கி வந்தாள். முகம் சிவந்து, நெற்றி முழுக்க வியர்வை. “தோத்திட்டன்,” என்றாள். கை தூக்கச் சொல்லிக் கேட்டார்களாம். “ஏன் பிள்ளை?” என்றேன். “அது பெரிய கதை அம்மா. அண்ணைக்குச் சொல்லுறன்.” அழுகிறாளோ என்று பார்த்தேன், இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன்னம் வகுப்புப் பிள்ளைகளோடு கதைக்கவேண்டுமாம். இப்போது சந்திக் கடையடியில் அவர்களோடுதான் நிற்கிறாள், சோடா வேண்டித் தருகிறார்களாம். எனக்கும் ஒன்று வேண்டித் தரவோ என்று யாரும் கேட்கவில்லை.

இன்றைக்குப் பின்னேரம் அவளுக்குப் போன் எடு. பாவம் என்று சொல்லாதே, வென்றமாதிரித்தான் என்றும் சொல்லாதே. ஏன் தோற்றாய் என்று கேள். நேரம் எடுத்துச் சொல்லுவாள், நீ ஒரு சொல்லும் இட்டு நிரப்பாமல் கேட்டுக்கொண்டிரு. என்னிடம் கேட்காதே, தம்பி. எனக்குத் தெரியாது. நான் உள்ளே இருக்கவில்லை.

அம்மா